‘ரெண்டு அஞ்சு’ன்னா 25ஆ, 55ஆ? நம்பர் போடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு

டோக்கன், கூப்பன், பூட்டு நம்பர், பார்சல் நம்பர் எதுவானாலும் கம்ப்யூட்டரில் ரேண்டமாகப் போடும்போது 1111, 1212 மாதிரி வருவதை எப்படி ஒதுக்குவது என்று போன வாரம் ஒருவர் கேட்டார். நாலு வரியில் பதில் சொன்னேன். அது போதவில்லை போலிருக்கிறது, ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரைக்கும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். நான் காட்பாடியில் ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்து கடைகளுக்கு பில்லிங், டோக்கன் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவன், அதற்கு முன்னால் ஆம்பூரில் ஷூ கம்பெனி டிஸ்பாட்ச்சில் சில வருஷம். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வேலூர், லாட்ஜ் நடத்துபவர்: அண்ணே, எங்கள் லாட்ஜுக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலக்காரர்கள்தான் அதிகம். ரூம் கதவுக்கு நாலு இலக்க நம்பர் பூட்டு மாட்டி, ஆள் மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டரே புது நம்பர் கொடுக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். எந்த இலக்கமும் ரெண்டு தடவை வரவே கூடாது என்று ரூல். சரிதானே?

பதில்: ரூல் கொஞ்சம் ஓவர். நாலு இலக்கத்தில் மொத்தம் 10,000 நம்பர். நாலும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றால் 10 × 9 × 8 × 7, அதாவது 5,040தான் மிச்சம். பாதியைக் கையாலேயே தூக்கிப் போட்டுவிட்டீர்கள். திருட வருகிறவனுக்கு வேலை பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான் லாபம்.

இன்னொன்று கேளுங்கள், முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை, பேப்பரில் எழுதிப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டேன். ஒரே நம்பரை ரொம்ப நாள் மாற்றாமல் விட்டால் பட்டனில் அந்தந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்துவிடும். நாலு பட்டன் தேய்ந்திருந்தால் அதை வரிசை மாற்றிப் போட்டுப் பார்க்க 24 வழிதான். மூணு பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால், ஏதோ ஒன்று ரெண்டு தடவை வருகிறது, அது எது என்று தெரியாது, அதனால் 36 வழி. அதாவது ஒரு இலக்கம் திரும்ப வருகிற நம்பர்தான் அங்கே கெட்டிக்காரன். (ரெண்டே பட்டன் தேய்ந்திருந்தால் 14, ஒன்றே ஒன்று என்றால் கேட்கவே வேண்டாம்.)

அப்படியானால் எதைத்தான் ஒதுக்குவது? மனுஷன் முதலில் எதைப் போட்டுப் பார்ப்பான் என்று யோசியுங்கள். நாலும் ஒன்றான பத்து, 1212 வகை தொண்ணூறு, மூணு ஒன்றாகச் சேர்ந்து வருபவை, 1234, 4321 மாதிரி படிக்கட்டுகள், பட்டன் பலகையில் நடு வரிசையை அப்படியே மேலிருந்து கீழே அழுத்தும் 2580. அப்புறம் பிறந்த தேதி. நாள்-மாதம், மாதம்-நாள் இரண்டு விதமாகவும் எழுதினால் மொத்தம் 588 நம்பர். 19, 20 என்று தொடங்கும் வருஷங்கள் 200. இதையெல்லாம் கூட்டி, ரெண்டு பக்கமும் வருவதைக் கழித்தால் ஏறத்தாழ ஆயிரம் போகும். பத்தில் ஒன்று. அது தாங்கும்.

அதோடு நம்ம ஊர் நம்பர் ரெண்டு மூணு பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். 0416 நம்ம எஸ்டிடி கோட். அது ஏப்ரல் 16 என்று தேதிக் கணக்கிலேயே போய்விடும், நல்லதுதான், வேலூர்க்காரன் முதல் மூணு முயற்சியில் அதைப் போடுவான். 1806உம் ஜூன் 18 என்று அப்படியே போய்விடும், அது கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த வருஷம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். பின்கோட்டின் தலையான 6320இல் மட்டும் கம்ப்யூட்டருக்கு ஒரு பேட்டர்னும் தெரியாது, அதை நீங்களே கையால் சேர்த்துவிடுங்கள். 2012இல் நிக் பெர்ரி என்பவர் கசிந்த பாஸ்வேர்டுகளிலிருந்து 34 லட்சம் நாலு இலக்க நம்பர்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். 1234 மட்டுமே கிட்டத்தட்ட 11 சதவீதம், 1111 ஆறு சதவீதம். மனுஷன் தேர்ந்தெடுத்தால் அந்தக் கதி. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கிறது என்பதால் பாதி ஆபத்து அப்போதே போய்விட்டது, மீதிக்கு இந்தச் சின்னப் பட்டியல் போதும்.

ஆம்பூர், ஷூ கம்பெனி பேக்கிங் பிரிவு: பெட்டி நம்பர் ஆறு இலக்கம். போனில் சொல்லும்போது தப்பு நடக்கிறது. ரிபீட் ஆகும் நம்பர்களை எடுத்துவிட்டால் குறையுமா?

பதில்: குறையும் தம்பி. உங்கள் கேள்விதான் எனக்கு இருப்பதிலேயே பிடித்தது, ஏனென்றால் இந்தத் தப்பில் நானே மாட்டியிருக்கிறேன்.

அப்போது நம்பரெல்லாம் வரிசையாக ஓடும், ரேண்டம் கிடையாது. சென்னை குடோனிலிருந்து ஒருவர் போனில், மிஷின் சத்தத்துக்கு நடுவே, எந்தப் பெட்டியைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார். என் கையில் இருந்தது 418553. நான் சொன்னது: “நாலு, ஒண்ணு, எட்டு, ரெண்டு அஞ்சு, மூணு.” அவர் எழுதிக்கொண்டது 418253. நான் ‘ரெண்டு அஞ்சு’ என்றது அஞ்சு ரெண்டு தடவை என்ற அர்த்தத்தில், அவர் காதில் விழுந்தது ரெண்டு, அப்புறம் அஞ்சு. நான் சொன்னதும் ஆறு இலக்கம், அவர் எழுதியதும் ஆறு இலக்கம், சரிபார்க்க எண்ணிப் பார்த்தால்கூட மாட்டாது. அந்த நம்பரிலும் ஒரு பெட்டி இருந்தது. ஏழாம் நம்பர் ஷூ வர வேண்டிய இடத்தில் ஒன்பதாம் நம்பர் வந்து இறங்கியது. சூப்பர்வைசர் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கவனித்தீர்களா, ‘மூணு ஏழு’ என்றால் அவ்வளவு ஆபத்தில்லை. 777 என்பதை 37 என்று எழுதினால் ஒரு இலக்கம் குறைந்துவிடும், எதிராளி “ஒண்ணு குறையுதே” என்பான். சத்தமில்லாமல் கழுத்தறுப்பது ஜோடிதான். ‘டபுள் ஃபைவ்’ என்று சொன்னால் பிரச்சினை இல்லை, ஆனால் அவசரத்தில் வாயில் வருவது தமிழ்தானே.

ஆகவே உங்களுக்கு ரூல் வேறு. பக்கத்துப் பக்கத்தில் ஒரே இலக்கம் வரக் கூடாது, தள்ளித் தள்ளி வந்தால் பரவாயில்லை. 505050 கண்ணுக்கு என்னவோ மாதிரி இருக்கும், காதுக்கு ஒரு குழப்பமும் இல்லை, விட்டுவிடுங்கள். இந்த ரூலில் மிஞ்சுவது 10 × 9 × 9 × 9 × 9 × 9, அதாவது 5,90,490. பத்து லட்சத்தில் நாற்பத்தொரு சதவீதம் போகிறது. பூட்டு நம்பராக இருந்தால் நான் அலறியிருப்பேன். பெட்டி நம்பரை யாரும் ஊகித்துத் திருடப் போவதில்லை, அதனால் போகட்டும்.

முடிந்தால் ஏழாவதாக ஒரு சரிபார்ப்பு இலக்கம், அதாவது மற்ற ஆறையும் வைத்துக் கணக்குப் போட்டு வரும் இலக்கம், சேருங்கள். ஏடிஎம் கார்டு நம்பரின் கடைசி இலக்கம் அப்படி வந்ததுதான். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. ஒரு இலக்கம் மாறினால் கட்டாயம் பிடித்துவிடும், என் 5-க்கு-2 கூத்தையும் பிடித்திருக்கும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், 09ஐ 90 என்று போட்டால் மட்டும் கோட்டை விடும். அதுவும் கூடாது என்றால் வெர்ஹோஃப் கணக்கு இருக்கிறது, ஆதார் நம்பரின் பன்னிரண்டாவது இலக்கம் அந்த முறையில் வருவது.

காட்பாடி, இன்ஜினியரிங் மாணவர்: அண்ணா, மோசமான நம்பர் வந்தால் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டிவிட்டால் போதாதா? எதற்கு மறுபடி முழுசாக எடுக்க வேண்டும்?

பதில்: போதாது. 1111 வந்தால் 1112 ஆக்குகிறாய் என்று வை. 1112 தானாகவும் வரும், 1111 வழியாகவும் வரும். மற்ற நம்பருக்கு ஒரு சீட்டு, அதற்கு மட்டும் ரெண்டு சீட்டு. குலுக்கல் கூப்பனாக இருந்தால் இது நேரடியான அநியாயம், பாஸ்வேர்டாக இருந்தால் எதிராளிக்கு ஒரு குறிப்பு.

இதைவிட நைசாக ஏமாற்றும் தப்பு ஒன்று உண்டு, அனுபவஸ்தர்களே செய்வது. ஒவ்வொரு இலக்கமாகக் கட்டிக்கொண்டே போய், ரூல் உடையும் இடத்தில் அந்த ஒரு இலக்கத்தை மட்டும் மறுபடி எடுப்பது. மூணு இலக்கத்தில், மூணும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று மட்டும் ரூல் வை. நல்ல நம்பர் 990. ஒவ்வொன்றுக்கும் 990இல் ஒரு பங்கு வாய்ப்பு கிடைக்க வேண்டும். ஆனால் 1, 1 என்று வந்தபின் மூணாவதுக்கு ஒன்பது இலக்கம்தான் அனுமதி, ஆகவே 112 வர வாய்ப்பு 900இல் ஒன்று. 1, 2 என்று வந்தால் பத்தும் அனுமதி, ஆகவே 121 வர வாய்ப்பு 1,000இல் ஒன்று. பார், ஜோடியோடு தொடங்குகிறவனுக்குச் சலுகை. (ஆம்பூர்க்காரருக்குச் சொன்ன ரூலில் மட்டும் இந்தச் சிக்கல் வராது, அங்கே ரெண்டாவது இலக்கத்திலிருந்து எல்லா இடத்திலும் எப்போதும் ஒன்பது வாய்ப்புதான்.)

எனவே முழு நம்பரையும் எடு, பிடிக்கவில்லையா, முழுசாக எறி, மறுபடி முழுசாக எடு. 1951இல் வெளிவந்த கட்டுரையில் ஜான் வான் நாய்மன் விளக்கிய எடுத்து-எறியும் முறைக்கு இது உறவுக்காரன்தான். நேரம் வீணாகுமே என்று பயப்படாதே. ஆறு இலக்கத்தில் மூணு ஒன்றாகச் சேரக் கூடாது என்ற ரூலில் 9,63,090 தேறும், நூறு எடுத்தால் நாலுகூட எறிய வேண்டியிருக்காது. ஆறும் வேறு வேறு என்ற கடுமையான ரூலில்கூட (1,51,200 தேறும்) ஒரு நம்பருக்குச் சராசரியாக ஏழு முயற்சிக்குள் முடிந்துவிடும்.

அதே மாணவர்: இதைப் பிடிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வரிசையில் பேட்டர்ன் தேடும் சூத்திரம்) கொடுங்களேன்.

பதில்: மூணு ஒன்றாகச் சேர்ந்தால் பிடிக்க: (.)\1\1

முழு நம்பரும் ஒரு துண்டையே திரும்பத் திரும்பச் சொன்னால் பிடிக்க: ^(.+)\1+$

ரெண்டாவது 1111, 1212, 123123 எல்லாவற்றையும் ஒரே வலையில் அள்ளும். அது புரியவில்லை என்றால் இன்னொரு வித்தை: நம்பரை ரெண்டு தடவை ஒட்டி எழுது, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வெட்டு, மிச்சத்துக்குள் பழைய நம்பர் இருக்கிறதா பார். 1212ஐ ஒட்டினால் 12121212, வெட்டினால் 212121, உள்ளே 1212 இருக்கிறது, ஆகவே அது ரிபீட். 1234ஐ அப்படிச் செய்தால் 234123, உள்ளே 1234 கிடையாது. படிக்கட்டு நம்பருக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு மல்லுக்கட்டாதே, பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் எல்லாம் +1ஆ, எல்லாம் -1ஆ என்று ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டால் முடிந்தது.

குடியாத்தம், துணிக்கடை: ஆடித் தள்ளுபடிக்கு 6,000 கூப்பன் வேண்டும். நாலு இலக்கம் போதும்தானே? ரிபீட் இல்லாமல் அழகாக இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்கிறார்.

பதில்: முதலாளியிடம் முதலில் 5,040 என்ற நம்பரைச் சொல்லுங்கள். இந்த ஊரிலேயே அந்த நம்பரை மறக்காதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கடைக்கு இதே வேலை. நாலு இலக்கம், எல்லாம் வேறு வேறு, ஒருமுறை கொடுத்த நம்பர் மறுபடி வரக் கூடாது, மொத்தம் 6,000. ராத்திரி பதினொரு மணிக்கு ஓட விட்டேன். ஓடியது, ஓடியது, 5040 என்று காட்டி நின்றுவிட்டது. எரர் இல்லை, கம்ப்யூட்டர் ஃபேன் மட்டும் கத்துகிறது. ஹாங் ஆகிவிட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் 5040. மெமரி பிரச்சினை என்று வேறு கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கேயும் அதே 5040இல் நின்றபோதுதான் மண்டையில் ஒரு அடி அடித்துக்கொண்டேன். ரூலுக்குள் இருப்பதே அவ்வளவுதான், 5,041-ஆவது நம்பர் உலகத்திலேயே இல்லை, பாவம் அது விடிய விடியத் தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டிங் பிரஸ்காரர் காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறார்.

ஆகவே எழுதும் முன் எண்ணுங்கள். லூப்புக்கு ஒரு வரம்பும் வையுங்கள், இத்தனை தடவை முயன்றும் கிடைக்கவில்லை என்றால் நின்று சொல்லட்டும். உங்களுக்கு நான் சொல்லும் வழி: ஆறு இலக்கம் போங்கள், மூணு சேர்வதை மட்டும் ஒதுக்குங்கள். நாலு இலக்கம்தான் வேண்டும் என்று முதலாளி அடம்பிடித்தால், ரூலைத் தளர்த்தி, தேறும் நம்பர் எல்லாவற்றையும் முதலில் ஒரு பட்டியலாக எழுதி, சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, மேலிருந்து 6,000 எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஷர்-யேட்ஸ் முறை என்று தேடினால் கலைக்கிற வழி கிடைக்கும். அதில் டூப்ளிகேட்டும் வராது, லூப்பும் மாட்டாது. ஆனால் பத்தாயிரத்தில் ஆறாயிரம் வெளியே போய்விட்டால், எவனாவது வாயில் வந்ததைச் சொன்னாலும் பாதிக்கு மேல் அது செல்லும் கூப்பன்தான், அதையும் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

டூப்ளிகேட் செக் பண்ணாமல் ரேண்டமாகவே விட்டால் என்ன என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். ஆறு இலக்கத்தில் சுமார் 1,180 பேருக்குக் கொடுப்பதற்குள்ளேயே எங்காவது ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து லட்சம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள்.

வாணியம்பாடி, கணக்கர்: நான் எக்ஸெலில் ரேண்ட்பிட்வீன் என்ற ரேண்டம் ஃபார்முலா போட்டுத்தான் எடுக்கிறேன் சார்.

பதில்: எடுங்கள், ஆனால் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் அது எல்லா நம்பரையும் புதுசாக மாற்றிவிடும். பிரிண்ட் கொடுத்த நம்பர் வேறு, ஃபைலில் சேமித்தது வேறு என்று ஆகிவிடும். எடுத்த உடனே காப்பி செய்து, மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். ரேண்ட்பிட்வீனை TEXT ஃபங்ஷனுக்குள் "0000" என்ற வடிவத்தோடு போடுங்கள், இல்லையென்றால் 0427 என்பது 427 ஆகி நிற்கும். பதினாறு இலக்கம் எல்லாம் போடாதீர்கள், எக்ஸெல் பதினைந்துக்கு மேல் ஞாபகம் வைக்காது, பதினாறாவது பூஜ்யம்தான்.

ஆற்காடு, கணக்கு ஆசிரியை: பிள்ளைகளை மனசுக்கு வந்தபடி பத்து இலக்கம் எழுதச் சொன்னேன். ஒருத்தர்கூட ஒரே இலக்கத்தை அடுத்தடுத்து எழுதவில்லை. அதுதானே உண்மையான ரேண்டம்?

பதில்: இல்லை டீச்சர், அதை வைத்தே பிள்ளைகள் கையால் எழுதியது என்று கண்டுபிடித்துவிடலாம். நிஜமான குலுக்கலில் பத்து இலக்கத்துக்குள் எங்காவது ஒரு ஜோடி அடுத்தடுத்து வர நூற்றுக்கு அறுபத்தொரு வாய்ப்பு. வராமல் இருப்பதுதான் குறைச்சல். நமக்குத் திரும்ப வருவதெல்லாம் ‘ஏதோ தப்பு’ என்று படுகிறது, அதனால்தான் இந்த ரூல் ஆசை எல்லாம்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு பழைய சோதனை இருக்கிறது. மாரிஸ் கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் 1938இல் சொன்னது, போக்கர் சீட்டாட்டத்தின் பெயரில் வழங்குகிறது. நாலு இலக்க நம்பர் ஆயிரம் எடுத்துப் பிரித்தால் நாலும் வேறாக 504, ஒரு ஜோடி மட்டும் உள்ளவை 432, ரெண்டு ஜோடி 27, மூணு ஒன்றானவை 36, நாலும் ஒன்று 1, இதை ஒட்டி வர வேண்டும். ரொம்ப விலகினால் கம்ப்யூட்டரிலோ கையிலோ கோளாறு. ரூல் போட்டு ஒதுக்கிய பட்டியலை இந்தச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள், நிச்சயம் ஃபெயில் ஆகும், ஒதுக்குவதற்கு முன்னால் உள்ளதைத்தான் சோதிக்க வேண்டும்.

திருப்பத்தூர், இல்லத்தரசி: எனக்கு 444444 என்று ஓடிபி வந்தது தம்பி. மோசடியா?

பதில்: நம்பரை வைத்து மோசடி என்று சொல்ல முடியாதும்மா. ஆறும் ஒன்றாக வர லட்சத்தில் ஒரு வாய்ப்பு, தினமும் கோடிக்கணக்கில் ஓடிபி போகும் நாட்டில் யாருக்காவது வந்துகொண்டேதான் இருக்கும். ஓடிபிக்கு ஒதுக்கும் ரூலே தேவையில்லை, கொஞ்ச நேரம்தான் உயிர், ரெண்டு மூணு தப்பு செய்தால் பூட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்காமலே வந்திருந்தால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம், 444444 ஆனாலும் 739152 ஆனாலும். யாரிடமும் சொல்லாதீர்கள்.

ராணிப்பேட்டை, புரோகிராமர்: எந்த ரேண்டம் ஃபங்ஷன் நல்லது?

பதில்: பைத்தான் புரோகிராம் மொழியில் சாதாரண ரேண்டம் மாட்யூல் மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கில் ஓடுகிறது. மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் போட்ட அருமையான கணக்குதான், விளையாட்டுக்கும் சோதனைக்கும் போதும். ஆனால் அதன் 32 பிட் வெளியீடுகளில் அடுத்தடுத்து 624ஐப் பார்த்தவன் 625ஆவதைச் சொல்லிவிடுவான். பணம், பூட்டு சம்பந்தப்பட்டால் பைத்தானிலேயே சீக்ரெட்ஸ் மாட்யூல் (பைத்தான் 3.6லிருந்து இருக்கிறது), பிஹெச்பி மொழியில் ரேண்டம்-இன்ட். கடிகார நேரத்தை, நொடிக் கணக்கில், விதையாக (கணக்கைத் தொடங்கும் எண்ணாக) கொடுத்துப் பழைய முறையில் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த நாள் எடுத்தது என்று தெரிந்தால் ஒரு நாளைக்கு 86,400 நொடிதான், நம்பர் பத்து இலக்கமானாலும் தேட வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு பைட்டை (0 முதல் 255 வரை ஒரு எண்) எடுத்துப் பத்தால் வகுத்து மீதியை இலக்கமாக வைக்காதீர்கள். 256ஐப் பத்தால் வகுத்தால் ஆறு மிச்சம், ஆகவே 0 முதல் 5 வரை 26 தடவை வரும், 6 முதல் 9 வரை 25 தடவைதான். 250உம் அதற்கு மேலும் வந்தால் எறிந்துவிட்டு அடுத்த பைட்டை எடுங்கள். மேலே மாணவருக்குச் சொன்ன அதே எடுத்து-எறி கதைதான் இங்கேயும்.

வேலூர், பெயர் வேண்டாம் என்றவர்: ரூல் கூடக் கூடப் பாதுகாப்பு கூடத்தானே செய்யும்? உங்கள் பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

பதில்: ஒப்பாவிட்டால் பரவாயில்லை, ஜெர்மன்காரர்களுக்கும் அப்போது ஒப்பவில்லை. ரெண்டாம் உலகப்போரில் அவர்கள் வைத்திருந்த எனிக்மா என்ற ரகசியச் செய்தி மிஷினில் ஒரு எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக வெளியே வராது, ‘அ’வை அழுத்தினால் ‘அ’ தவிர எது வேண்டுமானாலும் வரும் என்று வையுங்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்த ரகசியத்தை உடைக்க இங்கிலாந்தில் பிளெச்லி பார்க்கில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்தியில் இருக்கக்கூடிய ஒரு வார்த்தையை ஊகித்து, ரகசிய எழுத்துகளின் கீழே நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பார்கள். எங்காவது ஒரே எழுத்து மேலும் கீழும் பொருந்தினால் அந்த இடம் இல்லை என்று அடித்துவிடலாம். ‘இது வரவே வராது’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் எதிராளி தேட வேண்டாத ஒரு இடம். திருடனும் இந்தப் பதிலைப் படிப்பான், நான் ஒதுக்கச் சொன்ன ஆயிரத்தை அவனும் விட்டுவிட்டு மீதி ஒன்பதாயிரத்தில் தேடுவான். ஒன்பதாயிரத்தில் தேடட்டும் என்றுதான் சின்னப் பட்டியலோடு நிறுத்தச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி: நான் டிஎன் 23இல் ஃபேன்ஸி நம்பருக்குப் பணம் கட்டுகிறேன், நீங்கள் அதையே ஒதுக்கச் சொல்கிறீர்களே!

பதில்: வண்டி நம்பர் நாலு பேர் பார்ப்பதற்கு, பூட்டு நம்பர் யாரும் பார்க்காமல் இருப்பதற்கு. வண்டியில் 7777 ஜம்மென்று இருக்கட்டும், அதையே ஏடிஎம் பின்னாக வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

குடியாத்தம் பக்கம், கோயில் விழாக் குழு: அன்னதான டோக்கன் நூற்றைம்பது, கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. கையால் முடியுமா?

பதில்: தாராளமாக. ஒரே அட்டையில் வெட்டிய பத்துத் துண்டு, 0 முதல் 9 வரை, ஒரு பித்தளைச் சொம்பு. 6, 9 ரெண்டுக்கும் அடியில் கோடு போடுங்கள், இல்லையென்றால் தலைகீழாகப் படித்துச் சண்டை வரும். ஒன்று எடுங்கள், எழுதுங்கள், மறுபடி உள்ளே போடுங்கள், நன்றாகக் குலுக்குங்கள், நாலு தடவை. திரும்ப உள்ளே போட மறந்தால் இலக்கம் திரும்பவே வராது, லாட்ஜ்காரர் ரூல் உங்களை அறியாமலேயே வந்துவிடும். மூணு ஒன்றாகச் சேர்ந்தாலோ ஏற்கெனவே எழுதிய நம்பர் வந்தாலோ நாலையும் அடித்துவிட்டுப் புதுசாக எடுங்கள், கடைசி ஒன்றை மட்டும் அல்ல. ஒருவர் எடுக்க, ஒருவர் எழுத, ஒருவர் பழைய பட்டியலைப் பார்க்க என்று மூணு பேர் உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். எடுக்கிறவர் ‘ரெண்டு அஞ்சு’ என்று மட்டும் சொல்லக் கூடாது, ‘அஞ்சு, அஞ்சு’ என்று சொல்ல வேண்டும்.